பொய்க்கால் ஓடிய 5,373 கிலோமீட்டர்

அது நடப்பதற்காகச் செய்த கால். தொடையின் மீதிப் பகுதி உள்ளே பொருந்த ஒரு குழிவு, அதன்கீழ் மடங்கும் முழங்கால் மூட்டு, ஓர் உலோகத் தண்டு, நுனியில் காலணி மாட்டிய பாதம். அந்தக் கால் ஒரு நாட்டின் பாதித் தொலைவுக்கு மேல் ஓடியது.

கனடாவின் மேற்குக் கரையில், போர்ட் கோக்விட்லம் என்ற ஊரில் வளர்ந்தவர் டெரி ஃபாக்ஸ். 1977 மார்ச்சில், 18 வயதில், எலும்புப் புற்றுநோய் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே வாங்கிக்கொண்டது. அறுவைக்கு முந்தைய நாள் இரவு அவருடைய பழைய பயிற்சியாளர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலோடு நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் ட்ராமைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. பொய்க்கால் பொருத்தப்படும் முன்பே அதற்கான வேலையை டெரி முடிவுசெய்துவிட்டார்.

ஆனால் ஓட்டம் அந்தக் காலுக்குத் தெரியாத வித்தை. பின்னால் போன பொய்க்கால் மடங்கி, மறுபடி முன்னே வந்து நிமிர நேரம் பிடிக்கும். அதுவரை இடது கால் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கு டெரி ஒரு வழி கண்டார்: இடது காலில் கூடுதலாக ஒரு துள்ளல். துள்ளல், துள்ளல், பிறகு பொய்க்கால் தரையில் ஊன்றும் ஓர் எட்டு. பார்த்தவர்கள் எவரும் மறக்காத அந்த நடை இப்படிப் பிறந்தது. எட்டுக்கு எட்டு உடலின் பாரமெல்லாம் அந்தக் குழிவுக்குள் இறங்கும். உரசி உரசித் தோல் கிழிந்து ரத்தம் கசியும். அதோடுதான் ஓடினார்.

வைத்தியம் நடந்த மாதங்களில் புற்றுநோய் வார்டில் கிடந்த குழந்தைகளை அவர் பார்த்திருந்தார். தான் பிழைக்க வாய்த்தது ஆராய்ச்சியால் வந்த மருந்துகளால் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே கனடாவைக் கடல் முதல் கடல் வரை ஓடிக் கடந்து, ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்று கேட்கத் துணிந்தார்.

1980 ஏப்ரல் 12. கிழக்குக் கோடியில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில் பொய்க்காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு மேற்கே திரும்பினார். நாளொன்றுக்கு ஒரு மாரத்தான், ஏறத்தாழ 42 கிலோமீட்டர். நண்பர் டக் ஆல்வர்ட் வேனில் கூடவே வந்தார். தொடக்க நாட்களில் பனியும் எதிர்க்காற்றும்தான் துணை; பல இடங்களில் கவனிப்பார் இல்லை. போர்ட் ஓ பாஸ்க் என்ற சிற்றூர்தான் முதலில் நெஞ்சை நிறைத்தது. அப்போது 10,000 பேர் வசித்த அந்த ஊர் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! அந்தக் கணக்கையே டெரி நாடு முழுவதற்கும் வைத்தார்: கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தந்தால் 2.4 கோடி டாலர்.

ஜூலையில் டொரான்டோ நகரச் சதுக்கத்தில் 10,000 பேர் கூடி நின்றார்கள். பொய்க்காலை மறைக்க அவர் நீளக் கால்சட்டை போடவில்லை, அரைக்கால்சட்டையில்தான் ஓடினார். அந்தக் கால் எல்லார் கண்ணிலும் பட்டது. அதுவே அந்த ஓட்டத்தின் வலிமை என்று நான் நம்புகிறேன். நன்கொடை கேட்டு ஆயிரம் சொற்கள் சொன்னாலும் நகராத மனம், அந்தத் துள்ளலை ஒருமுறை பார்த்ததும் நகர்ந்தது.

செப்டம்பர் 1, தண்டர் பே அருகே, 143-ஆம் நாள். இருமலும் நெஞ்சுவலியும் வந்தன. சாலையோரம் கைதட்டிய மக்கள் கண்ணிலிருந்து மறையும்வரை ஓடிவிட்டு, பிறகுதான் வேனில் ஏறினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 5,373 கிலோமீட்டரில் பொய்க்கால் நின்றது. பசிபிக் கடலை அது தொடவில்லை.

பணமோ நிற்காமல் வந்தது. 1981 பிப்ரவரியில் 2.4 கோடி டாலர் என்ற இலக்கைத் தாண்டியது. கேட்டது கிடைத்ததைப் பார்த்துவிட்டு, ஜூன் 28 அன்று, 22 வயதில் டெரி கண்ணை மூடினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரிலான முதல் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். அங்கே போட்டி இல்லை, பரிசு இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். கடல் கடந்து பல நாடுகளுக்குப் போன அந்த ஓட்டம் சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது. இதுவரை சேர்ந்த தொகை 85 கோடி டாலரைத் தாண்டும். முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்கள் ஓடுவதற்கென்றே கனடியப் பொறியாளர்கள் பின்னர் ஒரு செயற்கைக் காலை வடிவமைத்தார்கள். அதற்கு டெரியின் பெயரையே வைத்தார்கள்.

2005-இல் கனடா ஒரு நாணயம் வெளியிட்டது. அதில் டெரி ஓடுகிறார், பொய்க்காலும் தெரிகிறது. அது ஒரு டாலர் நாணயம். ஆளுக்கு எவ்வளவு கேட்டாரோ, அவ்வளவேதான் அதன் மதிப்பு.