750 டாலர் ஏலம்

டிரான்சிஸ்டருக்கு எலிமினேட்டர் வாங்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அதன் அமெரிக்கத் தாத்தா கதை இது.

1920களில் ரேடியோ என்றாலே பேட்டரிச் செலவுதான். அந்தத் தொல்லையை ஒழிக்க வந்தது எலிமினேட்டர். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ரெக்டிஃபையர் ஏசியை டிசி ஆக்கும், ஃபில்டர் இரைச்சலை அடக்கும். அவ்வளவுதான் சங்கதி.

1928. சிகாகோவில் எலிமினேட்டர் செய்த ஒரு கம்பெனி திவால். அதன் பார்ட்னர் பால் கால்வின் அசரவில்லை. தம்பி ஜோசப்போடு ஏலத்துக்கே போய், எலிமினேட்டர் தொழிலை மட்டும் 750 டாலருக்கு எடுத்தார். ஐந்தே ஊழியர்கள். முதல் வாரச் சம்பளம் மொத்தமே 63 டாலர்!

சோதனை அதோடு விட்டதா? நேராகச் சுவரில் சொருகும் ரேடியோக்கள் பெருகிவிட, எலிமினேட்டருக்கே வேலை போனது. கால்வின் 1930இல் காருக்கு ரேடியோ செய்தார். அதற்கு வைத்த பெயர்... மோட்டோரோலா.

எலெக்ட்ரானிக்ஸ் பித்துப் பிடித்தவர்கள் வீட்டிலேயே செய்யும் பவர் சப்ளையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது அந்த மூன்றும்தான். ரெகுலேட்டர் மட்டும் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.