நாற்சார் வீடும் அதன் சாட்சியமும்

வீடு கட்டுதல் ஒரு குடும்பத்தின் சொந்தக் காரியம் என்றே பலரும் கருதுவர். எந்த நிலம், எத்திசை வாசல், எத்தனை அறை, ஓலையா ஓடா என்பனவெல்லாம் வீட்டார் கூடித் தீர்மானிப்பன போலத் தோன்றும். ஆனால் அத்தீர்மானங்களைச் செய்யும் உரிமை யாருக்கு இருந்தது என்று கேட்போமாயின், வீட்டின் சரித்திரம் சமுதாயத்தின் சரித்திரமாக விரிகின்றது. இதற்கு யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் சிறந்த சாட்சி வேறில்லை.

நடுவே திறந்த முற்றம், அதன் நான்கு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள், இதுவே நாற்சார். கேரளத்து நாலுகெட்டுடன் இதற்குள்ள ஒற்றுமை வெளிப்படை. ஆறில்லாத சுண்ணக்கல் நாடாகிய குடாநாடு கல்லையும் சுண்ணாம்பையும் தந்தது. முதிர்ந்த பனையின் வைரம் கூரைமரமாயிற்று. அடுத்தடுத்து வந்த ஆட்சிகளும் தம் அடையாளத்தை விட்டுச் சென்றன. 1619-ல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து யன்னலும் அலுமாரியும் கதிரையும் குசினியும் நம் பேச்சில் புகுந்தன. 1658-ல் வந்த ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்களுள் கக்கூசும் ஒன்று.

சாத்திரியார் நிலையம் எடுத்துக் கொடுக்க, நல்ல நாளில் அத்திவாரமிட்டு, வாசல் நிலை வைத்து, இறுதியில் குடிபூரல் நடக்கும். ஆயினும் வீடு எதற்காக எழுகின்றது என்பதைத் தீர்மானித்தது சாத்திரமன்று, சீதனமே. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707-ல் தேசவழமையைத் தொகுத்தார்; பன்னிரு தமிழ் முதலியார்கள் அதனைப் பரிசோதித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்த அத்தொகுப்பு அடிமைகள் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுக்கும் வழக்கத்தை எண்ணி நம்மவர் பெருமை கொள்வதுண்டு. ஆனால் 1911-ம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கூறியது என்ன? மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதே. உறுதியில் அவள் பெயர். தீர்மானத்தில் அவன் கை!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்தவர்களின் பணம் ஊர்களுக்கு வந்தது. ஓலைக் கூரைகள் ஓட்டுக் கூரைகளாயின. 1950-ல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை தோன்றியபின் சுண்ணாம்புச் சாந்தின் காலம் மங்கிற்று. மூடிய வீடுகள் பெருக, நடுமுற்றம் மெல்ல மறைந்தது.

இனி, இவ்வீடுகளை எழுப்பிய கைகளை நோக்குவோம். கல் உடைத்தவனும், சூளை எரித்தவனும், பனை தறித்தவனும், கிணறு வெட்டியவனும் எங்கே குடியிருந்தனர்? 1844-ல் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் தாழ்த்தப்பட்ட மக்களுட் பலர் பின்னரும் பிறர் காணியில், உடையவன் தயவில், கொட்டில் போட்டே வாழ்ந்தனர். எழும்பு என்றால் எழும்ப வேண்டியவனுக்குக் கல் வீடு பற்றிய தீர்மானம் ஏது? தான் வெட்டிய கிணற்றிலேயே தண்ணீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டவனுக்கு வாசலின் திசை ஒரு பிரச்சினையா? மலையகத்திலோ தோட்டத்துரைமார் லயத்தைக் கட்டினர்; தொழிலாளி அதன் ஓர் அறையில் அடைந்தான். வேலை போனால் அறையும் போயிற்று.

போர் இக்கேள்வியைப் புதுவிதமாக எழுப்பியது. 1990-லிருந்து வலிகாமம் வடக்கில் வீடும் காணியும் இராணுவ வலயத்துள் அகப்பட்டன. 1995 ஒக்டோபரில் வலிகாமமே வெறுமையாயிற்று. சீதன உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பெண்கள் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். போர் முடிந்தபின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில், பெரும்பாலான குடும்பங்கள் ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபாவைத் தவணை முறையில் பெற்றுத் தாமே முன்னின்று கட்டின. அதன் பின்னர் வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளைக் கொணரும் யோசனை எழுந்தபோது, வெப்பத்துக்கும் வாழ்க்கை முறைக்கும் பொருந்தாதென எதிர்ப்புக் கிளம்பிற்று. அங்கே வாதிக்கப்பட்டது இரும்பா கல்லா என்பது மாத்திரமன்று. தீர்மானிப்பவர் யார் என்பதுமாகும்.

நாற்சார் வீட்டின் அழகைப் போற்றுவோர் இன்று பலர். போற்றட்டும், அது நம் கைவினைஞரின் ஆற்றலுக்குச் சான்று. ஆனால் முற்றத்தின் நிலவொளியை மாத்திரம் பாடி, படலைக்கு வெளியே நின்றவனை மறப்பது சரித்திரமாகாது. நிலத்தில் உரிமையில்லாதவனுக்கு வீட்டில் உரிமையில்லை. கையொப்பத்தில் உரிமையில்லாதவளுக்குச் சீதனத்தில் உரிமையில்லை. உழைக்கும் ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய நிலத்தில், தன் வாசல் எத்திசை நோக்க வேண்டுமென்று, ஆணும் பெண்ணும் ஒப்ப இருந்து தீர்மானிக்கும் நாளிலேதான் வீடு கட்டுதல் உண்மையில் ஒரு குடும்பத்தின் சொந்தக் காரியமாகும்.