கேமிங் கணினி வாங்கப் போறீங்களா? முதலில் திரையைப் பாருங்க

தேசியச் சேவையில் கிடைத்த படித்தொகையைச் சேர்த்து வச்சிருக்கீங்க. பகுதிநேர வேலைக் காசும் கொஞ்சம் இருக்கு. இந்த முறை பாகங்களை நீங்களே தேர்ந்தெடுத்து ஒரு கேமிங் கணினி கட்டலாம்னு முடிவு.

சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதிக்குப் போறீங்க. கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டுகிறார். தாள் முழுக்கப் பொடி எழுத்தில் எண்களும் பெயர்களும். எங்கே தொடங்குறது?

பலர் செயலியில் தொடங்குவாங்க. என் சித்தி மகனும் அப்படித்தான். இருப்பதிலேயே உயர்ந்த ரகச் செயலி, கண்ணாடிப் பெட்டி, கலர் கலரா விளக்கு. மிஞ்சிய காசுக்கு ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு. 'சைபர்பங்க் 2077' போட்டான். படம் தத்தித் தத்திப் போச்சு. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செயலி பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஏன் அப்படி?

விளையாட்டில் நீங்க பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வேலை உண்டு. எதிரி எங்கே நிற்கிறார், குண்டு எந்தப் பக்கம் பாயுது என்று கணக்குப் போடுவது செயலி. அதை நிறமும் நிழலுமாக வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. பரோட்டாக் கடையில் ஒருவர் மாவு வீசுவார், இன்னொருவர் கல்லில் போட்டு எடுப்பார். வீசுபவர் எவ்வளவு வேகமா வீசினாலும், கல் சின்னதா இருந்தா உங்க மேசைக்கு மெதுவாத்தான் வரும்.

அதனால்தான் திரையை முதலில் முடிவு செய்யணும். 1920×1080 திரையில் சுமார் 2.1 மில்லியன் பிக்சல்கள். 2560×1440 என்றால் 3.7 மில்லியன். 4கே திரையில் 8.3 மில்லியன், அதாவது முதல் திரையைப் போல் 4 மடங்கு. அத்தனையையும் வரைவது கார்டுதான். திரை பெரிதானாலும் செயலியின் வேலை அவ்வளவாகக் கூடாது.

என்ன விளையாடுறீங்க என்பதும் முக்கியம். 'வேலரண்ட்', 'கவுண்டர்-ஸ்டிரைக் 2' போன்றவற்றில் நொடிக்கு 200 படங்களுக்கு மேல் வேண்டும் என்றால் நல்ல செயலி தேவை. 'பிளாக் மித்: வூகாங்' மாதிரி கண்ணைப் பறிக்கும் விளையாட்டுகள் கார்டைத்தான் பிழிஞ்சு எடுக்கும்.

காசை எப்படிப் பிரிப்பது?

திரையைச் சேர்க்காமல் கையில் 1,500 வெள்ளி இருக்குன்னு வச்சுக்குவோம். நானா இருந்தா 550 முதல் 650 வெள்ளி வரை கார்டுக்கு ஒதுக்குவேன். செயலிக்கு அதில் பாதி போதும். 6 கோர் உள்ள இன்றைய நடுத்தரச் செயலியே பெரும்பாலான விளையாட்டுகளுக்குத் தாராளம்.

கார்டு வாங்கும்போது ஒரு பொறி இருக்கு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையாக விற்கப்படுகின்றன. பெயர் ஒன்றே, கார்டில் உள்ள நினைவகம்தான் வேறு. புதிய விளையாட்டுகள் சிலவற்றில் 8 ஜிபி நிரம்பிவிடும். அப்போது படம் திடீர் திடீரென்று திக்கும். விலை ரொம்ப மலிவாத் தெரிஞ்சா, எத்தனை ஜிபி என்று கேளுங்க.

அடுத்து ரேம். இதுதான் இப்போ தலைவலி. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விலை விறுவிறுவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே காரணம். மைக்ரான் நிறுவனம் பயனீட்டாளர்களுக்கான தனது 'குரூஷியல்' வர்த்தகத்திலிருந்து விலகுவதாகவே அந்த டிசம்பரில் அறிவித்தது.

32 ஜிபி கட்டுப்படியாகாவிட்டால் 16 ஜிபியில் தொடங்கலாம். ஆனா ஒரே 16 ஜிபி துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்க. இரண்டு வழியில் தரவு ஓடும், வேகம் கூடும். வீட்டுப் பழைய கணினியில் டிடிஆர்4 ரேம் கிடக்குதா? ஏஎம்டியின் பழைய ஏஎம்4 மதர்போர்டில் அதைப் போட்டால் நல்ல தொகை மிச்சம். பின்னாளில் செயலியை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5 பக்கம் போங்க. அதற்கு டிடிஆர்5 ரேம்தான் பொருந்தும்.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் காட்டும். தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. உத்தரவாதக் காலம் எத்தனை ஆண்டு என்று பாருங்க. தயாரிப்பாளருக்கே நம்பிக்கை இல்லாத பொருளை நாம ஏன் நம்பணும்?

பெட்டிக்கு முன்பக்கம் வலை வச்சது நல்லது. குளிர்சாதனம் போடாத வீவக அறையில் பிற்பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். கண்ணாடி மூடிய பெட்டிக்குள் காற்று எப்படிப் போகும்?

வாங்கும் இடம்

சொல்லும் விலையில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி அடங்குமா என்று முதலிலேயே கேளுங்க. ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் முழுப்பெயரும் இருக்கட்டும்.

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' கடையில் வாங்கும் பொருளுக்குப் பொருந்தும். 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ நீங்க கேட்கலாம். கடைக்காரர் மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

'காரோசெல்' தளத்தில் தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய கார்டு வாங்குவதில் தப்பில்லை, காசும் மிச்சமாகும். ஆனா விற்பவர் வீட்டில் ஒரு விளையாட்டை 15 நிமிடமாவது ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்க.

எல்லாம் பொருத்தியாச்சா? மூன்று விஷயம் பாக்கி. திரையின் கம்பி மதர்போர்டில் இல்லாமல் கார்டில் சொருகியிருக்கான்னு பாருங்க. நான் முதல் முறை கட்டியபோது ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். பிறகு பயாஸில் 'எக்ஸ்போ' அல்லது 'எக்ஸ்எம்பி'யை இயக்குங்க. இல்லாவிட்டால் ரேம் தன் முழு வேகத்தில் ஓடாது. கடைசியாக விண்டோஸின் திரை அமைப்புக்குப் போங்க. 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கிவிட்டு அதை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.