புதுக்கோட்டையும் புற்றுநோயும் ஒரு டம்ளர் கஞ்சியும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றால் தேவதாசி ஒழிப்பு, முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று எங்கள் ஊரில் கடகடவென்று சொல்வார்கள். (பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே மனப்பாடம் செய்தோம்!) அவருடைய தங்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். குடும்பத்திலேயே ஒரு டாக்டர் இருந்தும், தங்கைக்கு வந்தது சீதபேதி என்றுதான் முதலில் வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். 1923-ல் தங்கை இறந்துபோனார். அந்தத் துயரம் மனதில் கிடந்து, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

அந்தக் காலத்தில் கட்டியைத்தான் பார்த்தார்கள், தட்டைப் பார்க்கவில்லை. 1936-ல் அமெரிக்காவில் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர் குடல்புண் நோயாளிகளை (புற்றுநோய் அல்ல) கணக்கெடுத்தார். அறுவைக்கு முன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். மற்றவர்களில் இறந்தது 3.5 சதவீதம்தான். 1968-ல் டட்ரிக் குழுவினர் ரத்தக்குழாய் வழியாகவே முழு உணவையும் கொடுத்துக் காட்டினார்கள். 1980-ல் வயிற்றைக் கிழிக்காமல், எண்டோஸ்கோப் உதவியோடு இரைப்பையில் உணவுக்குழாய் பொருத்தும் முறை வெளிவந்தது.

சரி, குழாய் வந்துவிட்டது. குழாயோடு ஊர் திரும்பியவரை யார் பார்ப்பது? அடையாறு எங்கே, அறந்தாங்கி எங்கே! ஒரு சந்தேகத்துக்காக ராத்திரி பஸ் ஏறச் சொல்வது கொடுமை. 2020 ஏப்ரலில் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதி வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ஆதரவு சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும் என்பது என் கருத்து. இந்த வாரம் எடை எவ்வளவு? கஞ்சி மட்டும்தானா? வெறும் கஞ்சியில் புரதம் குறைவு. பருப்பு, முட்டை, பால், நம்மூர் நிலக்கடலை எல்லாம் சேர வேண்டும். குழாயில் விடுவதை நன்றாக அரைத்து வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். ஊற்றி முடித்ததும் ஆறிய வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும், உடனே படுக்க வைக்கக் கூடாது. இரைப்பையை முழுதும் எடுத்தவருக்கு பி12 ஊசி ஆயுள் முழுக்க வேண்டும். அதைப் போட ஊர் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அக்கா போதும்.