பவளக்காரத் தெருவும் கொச்சிச் சுருளேடும்

தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கி, மாமல்லபுரம், கோவளம் என்று வடக்கு நோக்கி நீளும் பழைய செங்கற்பட்டுக் கடற்கரை, புனித ஜார்ஜ் கோட்டையை அடையுமிடத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத வணிகர் சிலர் குடியேறினர். எபிரேயர்க்கும் தமிழர்க்குமான தொடர்பு அதனினும் மிகப் பழையது. சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களுள் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் எபிரேயச் சொல், தமிழின் 'தோகை'யே என்று கால்டுவெல் முதலிய மொழியறிஞர் கருதினர்.

கோட்டைக்கு வந்த யூதர், ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலும் தஞ்சம் புகுந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; மத்தியதரைக் கடலின் பவளத்தை இங்கே இறக்கி, கோல்கொண்டாவின் வைரத்தை அங்கே அனுப்புவது அவர்கள் தொழில். 1687ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது, ஆல்டர்மென் எனப்பட்ட மன்ற உறுப்பினர் பன்னிருவரில் மூன்று இடங்கள் யூத வணிகர்க்கு ஒதுக்கப்பட்டன. செல்வமும் ஆட்சியில் பங்கும் இவ்வாறு கிடைத்த பின்னரும் அச்சமூகம் இங்கே வேரூன்றவில்லை. வந்தவர்களுள் பெரும்பாலோர் லண்டன் வணிக இல்லங்களின் முகவர்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டு வைரம் சந்தைக்கு வந்து, வணிகத்தின் போக்கும் மாறியபோது அவர்கள் கலைந்தனர். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு என்னும் பெயரும், இடம் பெயர்க்கப்பட்டு இன்று லாயிட்ஸ் சாலையில் நிற்கும் எபிரேய எழுத்துக் கல்லறைகள் சிலவுமே எஞ்சியுள்ளன.

இந்தியாவின் மேற்குக் கரையில் நிகழ்ந்தது வேறு. அதை அறிவதற்குத் தோரா சுருள் இன்னதென்று அறிதல் வேண்டும். மோசேயின் ஐந்நூல்களையும் பதப்படுத்திய தோலில், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளாக, பயிற்சி பெற்ற எழுத்தர் ஒருவர் இறகுப் பேனாவால் எழுதி முடிக்கப் பல மாதங்கள் ஆகும். ஓரெழுத்துப் பிழைபட்டாலும் திருத்தும்வரை அது வழிபாட்டில் வாசிக்கத் தகாது. அச்சு நூல் எவ்வளவு கிடைத்தாலும் சபை கூடி வாசிப்பதற்கு இச்சுருளே வேண்டும் என்பதால், எழுத்தர் இல்லாத ஊரில் பிறர் கொடுத்த சுருளே ஒரு சபையின் பிறப்புக்குக் காரணமாகும்.

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரவேலர் என்னும் யூதர், கப்பல் உடைந்து கரையேறியபோதே நூல்களை இழந்துவிட்டதாகத் தம் மரபில் கூறுவர். செக்காட்டி எண்ணெய் விற்று, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியதால் அண்டை வீட்டார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்றனர். சுருளின்றியே ஓய்வுநாளைக் காத்த அவ்வுறுதி வியப்புக்குரியது. அவர்களுள் ஒருவரும் கும்பினிப் படையின் அதிகாரியுமான சாமுவேல் எசக்கியேல் திவேகர், மைசூர்ப் போரில் சிறைப்பட்டு மீண்டு, 1796இல் பம்பாயில் முதல் ஜெப ஆலயத்தைக் கட்டினார். அதற்குரிய தோரா சுருள்களைப் பெற, யூதர் வாழ்ந்த கொச்சிக்குச் சென்றவர் 1797இல் அங்கேயே காலமானார்.

பெனே இஸ்ரவேலரின் அடுத்த மலர்ச்சிக்குப் பெண்களே முன்னின்றனர். ஆண்டுக்கணக்காகப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து எபிரேயக் கல்வியை வளர்த்த ரெபேக்கா ரூபனும், லண்டனில் மருத்துவம் பயின்று பின்னர் பம்பாய் காமா மருத்துவமனையின் தலைமையை ஏற்ற ஜெருஷா ஜிராத்தும் அவர்களுள் முதன்மையானவர்கள். இங்கிலாந்தில் லில்லி மாண்டேகு என்ற பெண்மணி தோற்றுவித்த தாராளவாத யூத இயக்கத்தின்பால் ஈர்க்கப்பட்ட ஜிராத், 1925இல் பம்பாயில் யூத சமய ஒன்றியத்தை நிறுவினார். எபிரேயம் அறியாதவரும் பொருளுணர்ந்து வழிபட வேண்டும் என்பது அதன் நோக்கம். குருத்துவப் பட்டம் பெண்ணுக்கு எட்டாதிருந்த காலத்தில் ஒரு மகப்பேறு மருத்துவர் சபையொன்றைத் தொடங்கியது சிறிய செயலன்று. பத்து ஆண்கள் கூடினாலன்றிப் பொது வழிபாடு நடவாது என்ற பழைய விதியைத் தளர்த்தி, 1956இல் தில்லியில் எழுந்த ஜூதா ஹையம் ஆலயம் பெண்களையும் அப்பத்துப் பேருள் எண்ணுகிறது.

திவேகர் சுருள் தேடிச் சென்ற கொச்சியிலும் பெண்களுக்கு ஓர் இடம் இருந்தது. அங்குள்ள ஆலயங்களில் தரைத்தளத்து வாசிப்பு மேடையோடு, மாடியில் பெண்கள் அமரும் பகுதிக்கு முன்பாக இரண்டாவது மேடை ஒன்றும் அமைந்து, ஓய்வுநாளிலும் திருவிழாவிலும் சுருள் அங்கே விரிக்கப்பட்டது; பெண்கள் தோராவைத் தொட்டுவிடும் தொலைவில் கேட்டனர். அவர்கள் மலையாளத்தில் பாடிய விவிலியக் கதைப் பாடல்களும் திருமணப் பாடல்களும், தாய் மகளுக்குக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் விட்டுச்சென்ற செல்வம். 1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது சுருள்களும் குறிப்பேடுகளும் கப்பலேறின. பேரப்பிள்ளைகள் எபிரேயம் பேசத் தொடங்க, பாடல்கள் மறையும் நிலை வந்தது. முதிய பெண்கள் ஒன்றுகூடிப் பாடவும் ஆய்வாளர் தொகுக்கவும் முற்பட்டதன் பயனாக, 2005இல் எருசலேமில் அப்பாடல்கள் மலையாள மூலமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக நூலாயின. அத்தொகுப்பின் பெயர் 'கார்குழலி'. செங்கற்பட்டுக் கரையில் எவர்க்கும் பொருள் சொல்ல வேண்டாத பெயர் அது.