சாயம் ஏற்றாத ஸ்கேனும் பெங்களூர் சூர்யனும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் பூந்தமல்லியில் சந்தித்தால் பேச்சு சர்க்கரையில் தொடங்கி ஸ்கேனில் முடியும். "எம்.ஆர்.ஐ.யில் ரத்தக்குழாயைப் பார்க்கச் சாய ஊசி போட்டே தீரணுமா?" என்பது பலர் கேட்கும் கேள்வி. எப்போதும் வேண்டியதில்லை. ஊசி இல்லாத வழிக்கு ஆதாரமான ஒரு கண்டுபிடிப்பு பெங்களூரில் நடந்தது.

1946-ல் அமெரிக்காவில் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும், காந்தத்துக்குள் இருக்கும் அணுக்கருக்கள் ரேடியோ அலைக்குப் பதில் தருவதைத் தனித்தனியே காட்டினார்கள். 1952-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம், டாடா இன்ஸ்டிடியூட் என்று நம்மவர்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிற்கும் நீரைவிட ஓடும் நீர் அதிக சிக்னல் தருகிறது என்பதே அதன் சாரம். சர் சி.வி. ராமன் 1934-ல் நிறுவிய அகாதமியின் இதழில் அது வந்தது.

காரணத்தை ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ஒரே குமாஸ்தாவிடம் ஓயாமல் கோப்புகளைத் தள்ளினால் சோர்ந்துவிடுவார். அந்த நாற்காலிக்குப் புது ஆள் வந்துகொண்டே இருந்தால் வேலை ஓடும். அசையாத தசை, அலைமேல் அலை பட்டு மங்கிவிடுகிறது. புதிதாக உள்ளே பாயும் ரத்தம் பளிச்சென்று தெரிகிறது.

1959-ல் கலிஃபோர்னியாவில் சிங்கர் என்பவர் எலி வாலில் ரத்த ஓட்டத்தை இப்படி அளந்தார். 1980-களில் அது படமாகவே வந்தது.

குறைகளும் உண்டு. ரத்தம் மெதுவாக ஓடினால் அதுவும் சோர்ந்து மங்கும். அதனால் ஓட்டத்துக்குக் குறுக்காக, மெல்லிய துண்டு துண்டாகப் படமெடுக்கிறார்கள். எதிர்த்திசையில் வரும் சிரை ரத்தத்தை முன்கூட்டியே அலையடித்து மங்கவைக்கிறார்கள். 3 டெஸ்லா காந்தத்தில் சிக்னல் இன்னும் தெளிவு. ஆனால் குழாய் குறுகி ரத்தம் சுழலும் இடத்தில் சிக்னல் விழுவதால், அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றலாம்.

பின்னால் காடோலினியச் சாயம் வந்து இந்த முறையைப் பல இடங்களில் ஓரங்கட்டியது. 2006-ல், சிறுநீரகம் மிகவும் பழுதான சிலருக்குத் தோல் இறுகும் நோய் வருவதற்கும் அந்தச் சாயத்துக்கும் தொடர்பு தெரிந்தது. இன்று பாதுகாப்பான சாயங்கள் இருக்கின்றன. ஆனாலும் சாயமில்லா முறைக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது.

ஆகவே ஸ்கேனுக்குப் போகும்போது கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். "சாயம் இல்லாமல் பார்க்க முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. முடிவு அவருடையது.

நான் பிரெஞ்சில் படித்தவன். அங்கே எம்.ஆர்.ஐ.யை ஐ.ஆர்.எம். என்பார்கள், எழுத்துகள் தலைகீழ். எந்த மொழியில் சொன்னாலும் இந்தக் கதையில் சூர்யன் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.