பட்டை ரம்பம் பிறந்த கதை

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், பல்லாவரத்துச் செம்மண் சரளைக்கிடையே இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் இந்த மண்ணிலே வாழ்ந்தான் என்பதற்கு அது சான்றாயிற்று. பல்லாவரத்திலிருந்து பம்மலுக்கு நடந்தே போய்விடலாம். ஆகவே, பம்மல்வாசி ஒருவன் தன் வீட்டிலே ஒரு வெட்டுக் கருவியைக் கையில் எடுக்கும்போது, மிகத் தொன்மையான ஒரு தொழிலைத்தான் தொடர்கிறான் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் அந்தக் கற்கருவியால் பிளக்கலாம், சீவலாம், குத்தலாம், அறுக்க இயலாது. பிளப்பது வேறு, அறுப்பது வேறு. பிளக்கும்போது மரம் தன் நார் ஓடும் வழியிலேயே பிரியும். அறுக்கும்போதோ, தச்சன் நூல் அடித்த வழியிலே அது பிரிந்தாக வேண்டும். மரத்தின் விருப்பத்தை மீறித் தன் விருப்பத்தை நடத்திக்கொள்ள மனிதன் கண்ட கருவியே ரம்பம். தமிழர் இதனை ஈர்வாள் என்றும் அழைத்தனர். மரத்தை மட்டுமா அறுத்தார்கள்? வேள்வி செய்யாத அந்தணர் ஒருவர் அரத்தால் சங்கை அறுத்து வளையல் எடுப்பதையும், எடுத்தபின் எஞ்சும் சங்கின் தலை பகன்றையின் முகை போலக் கிடப்பதையும் அகநானூற்றின் 24ஆம் பாடல் உவமையாக எடுத்தாளுகிறது.

இன்று பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டைப் பகுதிகளில் வீட்டு மாடியிலோ பின்கட்டிலோ சிறு தச்சுப் பட்டறை வைத்துக்கொள்ள ஆசைப்படும் இளைஞர்களைக் காண்கிறோம். எந்தப் பட்டை ரம்பத்தை வாங்கலாம் என்பது அவர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று. பட்டறைக்காரர்கள் இதனைப் ‘பேண்ட் சா’ என்பார்கள். இக்கேள்விக்கு விடை காண, அக்கருவி பிறந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது பெரிதும் துணைசெய்யும் என்பது என் எண்ணம்.

மரம் அறுப்பது முற்காலத்தில் இருவர் தொழில். அடிமரத்தைக் கவட்டுக்கால்களின் மேல் ஏற்றி, அல்லது குழியின் குறுக்கே கிடத்தி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று நீண்ட ரம்பத்தை இழுப்பர். மேலே நிற்பவருக்குக் கோடு தவறாமற் பார்க்கும் பொறுப்பு; கீழே நிற்பவருக்குக் கண்ணிலும் வாயிலும் மரத்தூள். ஹாலந்து நாட்டிலே கொர்னேலிஸ் கொர்னேலிசோன் என்பவர் 1594ஆம் ஆண்டளவில் காற்றாலையைக் கொண்டு ரம்பத்தை இயக்கினார். இங்கிலாந்தில் சார்லஸ் டிங்லி என்பவர் இலண்டனை அடுத்த லைம்ஹவுஸில் அத்தகைய ஆலை ஒன்றை நிறுவியபோது, கைரம்பத் தொழிலாளர் 1768ஆம் ஆண்டு மே மாதத்தில் திரண்டு சென்று அதனை உடைத்தெறிந்தனர். அவர்களை அறிவிலிகள் என்று சில நூல்கள் இகழ்கின்றன. எனக்கு அவ்வாறு இகழ மனம் வருவதில்லை. ஓர் இயந்திரம் வந்த அன்றே ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையுமானால், அந்த இயந்திரத்தின் பெருமையை அக்குடும்பம் எங்ஙனம் பாராட்டும்?

ஆலை ரம்பத்திலும் ஒரு குறை இருந்தது. அது கீழே இறங்கும்போது அறுக்கும். மேலே ஏறும்போது வெறுமனே ஏறும். பாதி உழைப்பு வீண். 1777இல் சாமுவேல் மில்லர் என்பவர் இங்கிலாந்தில் வட்ட ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது ஓயாமற் சுழன்று அறுக்கும். எனினும் வட்டத்தின் பாதியளவுக்குக் கூட அதன் பல் மரத்தினுள் இறங்காது. பெருமரத்துக்குப் பெருவட்டு வேண்டும், பெருவட்டு நடுங்காதிருக்கத் தடிப்பு வேண்டும். தடிப்பான ரம்பம் மரத்தை மிகுதியாகத் தின்னும்.

இவ்விரண்டு குறைகளையும் ஒருங்கே தீர்க்கும் எண்ணம் வில்லியம் நியூபெரி என்னும் ஆங்கிலேயருக்குத் தோன்றியது. மெல்லிய எஃகுப் பட்டையின் இரு நுனிகளையும் ஒட்டி வளையமாக்கி, கப்பியின் மேல் வார் ஓடுவதுபோல் இரண்டு சக்கரங்களின் மேல் ஓடவிட்டால், ரம்பத்துக்கு முடிவே இராது அன்றோ? 1809ஆம் ஆண்டளவில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் இயந்திரம் பயன்படவில்லை. பட்டை முறிந்துகொண்டே இருந்தது.

ஏன் முறிந்தது என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். இன்றைய வீட்டுப் பட்டை ரம்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பட்டையின் சுற்றளவு ஏறத்தாழ 2.4 மீட்டர், ஓடும் வேகம் நிமிடத்துக்கு 900 மீட்டர். ஆகவே பட்டை நிமிடத்துக்கு 375 சுற்றுச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேல் சக்கரத்தில் ஒருமுறை, கீழ்ச் சக்கரத்தில் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. நிமிடத்துக்கு 750 வளைவு. மணிக்கு 45,000 வளைவு! ஒரு கம்பியை விரலால் இப்படியும் அப்படியும் பத்து முறை வளைத்தாலே அது ஒடிந்துபோவதை நீங்கள் அறிவீர்கள். எஃகும் களைக்கும். அதிலும் முதலிற் களைப்பது ஒட்டுப்போட்ட இடமே.

நியூபெரியின் எண்ணம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்துக் கிடந்தது. அதை மீட்டவர் ஒரு பெண்மணி. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பேன் என்னும் அம்மையார், பட்டையின் நுனிகளை உறுதியாகப் பற்றவைக்கும் முறையைக் கண்டு 1846இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பாரிஸ் நகரத்துப் பெரேன் நிறுவனம் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, நல்ல எஃகையும் பதமிடும் திறனையும் அதனோடு சேர்த்து, முறியாத பட்டையை உலகுக்கு அளித்தது. சந்தையிலே பெரேனின் பெயர் பரவியது. அம்மையாரின் பெயரை இன்று எத்தனை தச்சர்கள் அறிவார்கள்? கருவியின் உடலை நினைத்தவர் நியூபெரி; அதற்கு உயிர் கொடுத்தவர் கிரெப்பேன் என்றே நான் சொல்வேன்.

நம் சென்னையிலே இக்கருவிக்கு ஏற்ற வேலை அப்போதே குவிந்துகொண்டிருந்தது. சிம்ப்ஸன் நிறுவனம் 1840இல் குதிரை வண்டித் தொழிலோடு தொடங்கியது. பெரம்பூரில் இரயில் வண்டிப் பட்டறை 1856இல் எழுந்தது. வண்டிக்கூட்டிலே வளைவில்லாத சட்டம் அரிது. வட்ட ரம்பம் நேர்கோட்டிலேதான் செல்லும். குறுகிய பட்டையோ வரைந்த வளைவின்மேல் பாம்பு போல ஊர்ந்து செல்லும். பெரம்பூரிலேயே 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்று, முழுதும் எஃகாலான பெட்டிகள் வரத் தொடங்கின. மரப்பெட்டிகளின் காலம் படிப்படியாக மறைந்தது.

வளைவினும் பெரிய நன்மை சிக்கனம். 300 மில்லிமீட்டர் தடிப்புள்ள தேக்குத்துண்டிலிருந்து 12 மில்லிமீட்டர்ப் பலகைகள் எடுப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வோர் அறுப்புக்கும் 3 மில்லிமீட்டர் தின்னும் வட்ட ரம்பம் 20 பலகை தரும். 1 மில்லிமீட்டர் தின்னும் பட்டை ரம்பம் 23 பலகை தரும். மூன்று பலகைதானே என்று எண்ணாதீர்கள். ஆனைமலைக் காட்டில் மலைமேலிருந்து மரங்களைச் சறுக்கிவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே வெட்டி அழிந்த தேக்கை மீண்டும் வளர்ப்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி 1933இல் மறைந்தார்; அவர் கல்லறையும் அங்கேயே உள்ளது. தேக்கு முதிர அரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. நட்டவன் காணாத மரத்தை அறுக்கிறவன் தூளாக்கலாமா?

இனி வாங்கும் செய்திக்கு வருவோம். அமெரிக்காவிலே 1930களில் வீட்டுப் பட்டறைகளுக்கென்று 14 அங்குலச் சக்கரமுள்ள பட்டை ரம்பங்கள் பரவின. இன்றளவும் அவ்வளவே வீட்டுக்குப் போதுமானதாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 6 அங்குல உயர மரத்தை அது அறுக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாற்காலி வேலைக்குப் போதும். தேக்கைப் பலகை பலகையாக அரிய ஒன்றரை இருந்தால் நன்று. இவை வீட்டு மின்னிணைப்பிலேயே ஓடும். கடைக்காரர் மோட்டாரின் வலிமையைத்தான் உரக்கச் சொல்வார். நீங்கள் சக்கரத்தையும் சட்டத்தையும் பாருங்கள். பட்டையின் தடிப்பு சக்கரத்தின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்பது பழைய ஆலை விதி. 14 அங்குலச் சக்கரத்துக்கு அது ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர். வீட்டு இயந்திரங்களில் 0.6 மில்லிமீட்டர்ப் பட்டையும் பூட்டுகிறார்கள். அது விரைவிற் களைக்கும். 14 அங்குலத்தினும் சிறிய சக்கரத்திலோ இன்னும் விரைவாகக் களைக்கும். சட்டம் உறுதியற்றதாயின் பட்டையை வேண்டிய அளவு இறுக்க முடியாது; இறுக்கம் குறைந்தால் அறுப்பு கோணும்.

பட்டையின் அகலம் வேலையைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர்ப் பட்டை ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் ஆர வளைவில் திரும்பும். 12 மில்லிமீட்டர்ப் பட்டைக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். நேராக அரிவதற்கு அகன்ற பட்டையும் பெரிய பல்லும் நன்று. எந்நேரமும் மூன்று பற்களாவது மரத்தினுள் இருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

விரலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வட்ட ரம்பம் சில வேளை மரத்தை ஆளின்மேலேயே எறிந்துவிடும். பட்டை ரம்பம் மரத்தைக் கீழே மேசையின்மேல் அழுத்துவதால் அந்த அச்சம் குறைவு. ஆயினும் உருளைக் கட்டையைக் கையால் பிடித்து அறுக்கக் கூடாது. அது உருண்டு கையையும் இழுத்துச் செல்லும். பட்டையின் காப்பை மரத்துக்கு அரையங்குலத்துக்குள் இறக்கி வைத்தே வேலை செய்ய வேண்டும். பழைய வீடுகளை இடித்து விற்கும் பர்மா தேக்கு மலிவாகக் கிடைக்கலாம். அதனுள்ளே புதைந்த ஓர் ஆணி போதும், புதிய பட்டையின் பல்லெல்லாம் போய்விடும். காந்தத்தால் தடவிப் பார்த்த பின்னரே அறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள்.

கடையிலே இயந்திரத்தைப் பார்க்கும்போது, மின்னிணைப்பைக் கழற்றச் சொல்லி, மேல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்கு எதிரே வந்ததும் நிறுத்தி, பட்டையின் முதுகிலும் பக்கத்திலும் நகத்தால் தடவுங்கள். அங்கே தடிப்போ கோணலோ தட்டுப்பட்டால், வேறு பட்டை பூட்டித் தரச் சொல்லுங்கள்.